லொம்புரோசோவின் 'குற்ற மனிதன்': பதிப்பு வரலாறும் திறனாய்வும்

குற்றவியலின் தோற்றம் பற்றி எழுதுவோர் சேசாரே லொம்புரோசோவின் 'குற்ற மனிதன்' என்னும் நூலைக் குறிப்பிடாது செல்வது அரிது. சிலர் பிறவியிலேயே குற்றவாளிகள், மண்டையோடும் முகவமைப்பும் அவர்களைக் காட்டிக்கொடுக்கும் என்பதே நூலின் சாரமெனக் கூறி, அதனை மறுத்து மேற்செல்வது வழக்கம். மறுப்பு நியாயமானதே. ஆயின் மறுக்கப்படுவது எந்தப் பதிப்பு என்ற வினா பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை.

இத்தாலிய மொழியில் 1876 இல் ஏறத்தாழ 250 பக்கங்களுடன் வெளிவந்த இந்நூல், 1878, 1884, 1889 ஆகிய ஆண்டுகளில் விரிவுபெற்று, 1896-97 இல் ஐந்தாம் பதிப்பாக வந்தபோது ஏறக்குறைய 1900 பக்கங்கள் கொண்ட பல தொகுதிகளாயிற்று. 'பிறவிக் குற்றவாளி' என்னும் தொடர் முதற்பதிப்பில் இல்லை. என்ரிக்கோ பெர்ரி வழங்கிய அத்தொடரை லொம்புரோசோ பின்னரே ஏற்றுக்கொண்டார். வலிப்புநோய் பற்றிய கொள்கையும் சந்தர்ப்பவசக் குற்றவாளி என்னும் பகுப்பும் பிந்திய பதிப்புகளிலேயே விரிவுற்றன.

இவ்வளர்ச்சியை அறியும் வாய்ப்பு ஆங்கில வாசகர்க்கு நெடுங்காலம் கிட்டவில்லை. சிக்காகோவில் 1909 இல் தோன்றிய குற்றவியற் சட்டத்துக்கும் குற்றவியலுக்குமான அமெரிக்க நிறுவனம், 1910 இல் ஓர் ஆய்விதழைத் தொடக்கியதுடன், ஐரோப்பிய நூல்களை மொழிபெயர்த்து வெளியிடவும் முனைந்தது. அவ்வரிசையில் 1911 இல் வந்த லொம்புரோசோவின் நூல் குற்றத்தின் காரணங்களையும் பரிகாரங்களையும் பற்றியது. மூலநூல் முழுவதையும் தருவதன்று. அதே ஆண்டில் 'குற்ற மனிதன்' என்ற பெயருடன் வந்ததோ அவர்தம் மகள் ஜீனா செய்த சுருக்கமேயாகும். ஐந்து பதிப்புகளிலிருந்தும் பகுதிகளைத் தெரிந்து, பதிப்பு முறையாக மேரி கிப்சனும் நிக்கோல் ராஃப்ரரும் ஆங்கிலத்தில் தந்தது 2006 இலேயாம். அதுவும் தெரிவே, முழுமையன்று.

பதிப்பு வரலாற்றை அறிவது லொம்புரோசோவை விடுவிப்பதாகுமா? ஆகாது என்பதே எமது கருத்து. சிறையிலிருப்போரை அளந்தவர், குற்றம் புரியாதோரை அதே கவனத்துடன் அளந்து ஒப்பிட்டாரல்லர். மறுப்புகள் எழுந்தபோது அடிப்படையைக் கைவிடாது புதிய பகுப்புகளைச் சேர்த்தார். எச்சான்று வரினும் அதற்கோர் அறை ஒதுக்கப்பட்டமையால், கொள்கை பொய்ப்பிக்கப்பட இயலாததாயிற்று. நூல் பெருத்ததன் பொருள் இதுவே. சார்ள்ஸ் கோரிங் ஏறத்தாழ 3000 ஆங்கிலக் கைதிகளை ஆராய்ந்து, 1913 இல் வெளியிட்ட நூலில், தனியானதோர் குற்றவாளி உடல்வகை இல்லையென நிறுவ முயன்றமை இப்பின்னணியிலேயே மதிப்பிடத்தக்கது. ஒரு சுருக்கத்தை மாத்திரம் படித்தவர் லொம்புரோசோவின் முடிவையே காண்பார். அவர் தப்பிச்சென்ற வழியைக் காணார்.

ஏட்டுச்சுவடிகளின் பாடபேதங்களை நுணுகி ஆராயும் மரபு தமிழாய்வுக்குப் புதியதன்று. அக்கவனம் சமூக விஞ்ஞான நூல்களுக்கும் வேண்டும். ஆங்கிலச் சுருக்கத்தின் தமிழ்ச் சுருக்கம் மூலத்துக்கு இருமடங்கு தொலைவிலுள்ளது. மனிதரைப் பிறப்பால் இழிந்தோரெனப் பகுத்த ஒரு கொள்கையை மறுப்பவர், அது எந்த ஆண்டில், எந்தச் சொற்களில் கூறப்பட்டதெனச் சுட்டுதல் வேண்டும். அதுவே மறுப்புக்கு வலுச்சேர்ப்பது.