கைப்பேசியும் கோப்பையும்

குடியைக் குறைக்க உதவும் செயலிகள் அனைத்தையும் ஒரே தட்டில் வைத்து எடைபோடுவது பிழை. செயலி குடிப்பவரை என்ன செய்யவைக்கிறது என்பதைப் பொறுத்தே அதன் பயன் அமைகிறது.

ஸ்வீடனில் மதுவின் சில்லறை விற்பனை சிஸ்டம்போலாகெட் என்ற அரசு நிறுவனத்தின் கையில் இருக்கிறது. அந்த நிறுவனமே 'ப்ரோமில்லேகோல்' என்ற செயலியைக் கொண்டுவந்தது. குடித்ததைப் பதிந்தால், இரத்தத்தில் எவ்வளவு ஆல்கஹால் ஏறியிருக்கிறது என்று மதிப்பிட்டுச் சொல்லும். பல்கலைக்கழக மாணவர்களிடையே அதைச் சோதித்த ஆய்வு 2014இல் வெளியானது. குடி குறையவில்லை, ஆண் மாணவர்கள் முன்பைவிட அடிக்கடி குடித்தார்கள். அளவு தெரிந்தால் அடங்குவார்கள் என்ற கணக்கு பொய்த்தது. இன்னும் எவ்வளவு குடிக்கலாம் என்று கேட்பவருக்கும் அதே எண்தானே பதில்!

லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரி ஆய்வாளர்களின் 'ட்ரிங்க் லெஸ்' செயலி பதிவோடு நிற்பதில்லை. வாரத்துக்கு இவ்வளவுதான் என்று இலக்கு வைக்கச் சொல்கிறது. நண்பர் இன்னொரு கோப்பை நீட்டினால் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே திட்டமிடவைக்கிறது. மறுநாள் மனமும் தூக்கமும் எப்படி இருந்தன என்று குறிக்கவைக்கிறது. 5,602 பேர் பங்கேற்ற சோதனையின் முடிவு 2024இல் வந்தது. ஒரு பாதியினருக்கு இந்தச் செயலி, மறுபாதியினருக்கு பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவை தரும் இணைய ஆலோசனை. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, செயலி பெற்றவர்கள் வாரத்துக்குச் சுமார் 2 யூனிட் கூடுதலாகக் குறைத்திருந்தார்கள். ஒரு யூனிட் என்பது 8 கிராம் ஆல்கஹால். வாரத்துக்கு 14 யூனிட்டைத் தாண்டாதீர்கள் என்பது பிரிட்டன் அரசின் அறிவுரை. ஆனால், தொடர்பு விட்டுப்போனவர்கள் பழையபடியே குடித்தார்கள் என்று வைத்துக் கணக்கிட்டால், வேறுபாடு ஒரு யூனிட்டுக்கும் கீழே போய்விடுகிறது. அது தற்செயலாகவும் இருக்கக்கூடும். ஆக, பலன் சிறியது, உறுதியும் குறைவு. இருந்தும் நான் இதை ஆதரிக்கிறேன். மருத்துவர் முன் உட்கார்ந்து 'குடிக்கிறேன்' என்று சொல்லக் கூசுகிறவர்கள் ஏராளம். அவர்கள் தனியே தொடங்க இது ஒரு வழி.

அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் உருவான 'ஏ-செஸ்' செயலி, குடி சிகிச்சை மையத்திலிருந்து வீடு திரும்புகிறவர்களுக்கானது. முன்பு குடித்த இடத்தை நெருங்கினால் எச்சரிக்கும். அவசரப் பொத்தானை அழுத்தினால் துணைநிற்பவர்களை எட்டலாம். 349 பேரிடம் நடந்த ஆய்வில், முந்தைய 30 நாட்களில் அளவுமீறிக் குடித்த நாட்கள் செயலி பெற்றவர்களுக்குச் சராசரி 1.39, மற்றவர்களுக்கு 2.75. இங்கே மறுமுனையில் மனிதர்கள் இருந்தார்கள். வேறுபாட்டுக்கு அதுவே முதன்மைக் காரணம் என்று நான் கருதுகிறேன்.

ஆனால், செயலியிடமும் இணையத்திடமும் சொன்னது ரகசியமாக இருக்கும் என்ற நம்பிக்கை எளிதாக உடையக்கூடும். இணையவழிக் குடி சிகிச்சை தரும் மான்யுமென்ட் நிறுவனம் பயனாளர்களின் விவரங்களை விளம்பர நிறுவனங்களுக்குக் கொடுத்ததாக 2024இல் அமெரிக்க வணிக ஆணையம் நடவடிக்கை எடுத்தது.

அதைவிடப் பெரிய ஆபத்து உடலில் இருக்கிறது. நெடுங்காலம் தினமும் மிகுதியாகக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், மனக்குழப்பம் வரலாம், உயிரும் போகலாம். காலையில் கை நடுங்குகிறதா என்று முதல் திரையிலேயே கேட்டு, 'ஆம்' என்பவரை மருத்துவமனைக்கு அனுப்பாத செயலியை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.