சரக்கு ரயிலின் கடைசிப் பெட்டி

கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் 'டோட்' வண்டி சரக்கு ரயிலின் கடைசியில் ஓடிய கார்டு பெட்டி. ஒரு பக்கம் மூடிய அறை, மறுபக்கம் திறந்த தாழ்வாரம், அதில் கார்டு சுழற்றும் கைபிரேக். ஓர் அடிக்கு 4 மில்லிமீட்டர் என்ற அளவில் செய்த அதன் மாதிரி உள்ளங்கையில் அடங்கிவிடுகிறது.

விரலால் தடவினால் பலகை இடுக்குகள் ஒவ்வொன்றாகத் தட்டுப்படும். தேர்ந்த கைகள், பிளாஸ்டிக்கில் வார்த்த தடித்த கைப்பிடிகளைச் சீவிவிட்டு, நுண்துளையிட்டு, பித்தளைக் கம்பியை வளைத்துச் செருகுகின்றன. கம்பி சற்றே கோணினாலும் கண்ணை உறுத்தும். பிடுங்கி மறுபடி வளைக்க வேண்டியதுதான். அடியில் ஈயத்துண்டு ஒட்டியதும் ஓட்டம் நிதானப்படுகிறது, தண்டவாள இணைப்புகளில் உலோகச் சக்கரங்கள் 'டிக், டிக்' என்று தட்டிச் செல்கின்றன. அழுக்கேற்றுவதுதான் எல்லாவற்றிலும் நுட்பமான வேலை. சாம்பல் நிறப் பக்கங்களில் நீர்க்கப் பூசிய பழுப்பு வண்ணத்தை, மழைநீர் வழியும் போக்கிலேயே மேலிருந்து கீழாகத் துடைத்தெடுக்கிறார்கள். இடுக்குகளில் மட்டும் கொஞ்சம் தங்கும். வெள்ளைக் கூரைக்கு லேசான கரிப்பூச்சு போதும். பலருக்குக் கை மீறிப்போவது இங்கேதான்.