சாரலுக்கு இளகாத கருப்பட்டி

ஆனி பிறந்து, ஆரியங்காவுக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று இறங்கிவிட்டால் கீழப்பாவூர் வட்டாரத்தில் அப்பளம் நமுத்துப்போகும். உப்புச் சாடியில் நீர் கோக்கும். தீக்குச்சி உரசினால் பற்றாது. குற்றாலத்தில் அருவியாய்க் கொட்டும் பருவம், கிழக்கே வர வர மழை குறைந்து தூறலும் ஈரக்காற்றுமாக நிற்கிறது. இந்தக் காற்றில் ஒரு கருப்பட்டி ஆடி முடியும்வரை கல்லாகக் கிடந்தால், அதைக் காய்ச்சிய கைக்குத் தாராளமாக மரியாதை செய்யலாம்.

பனையின் பருவம் அப்படி அமைந்திருக்கிறது. மாசி, பங்குனியில் பாளை சீவத் தொடங்கினால் ஆனிவரை பதநீர் இறங்கும். வெயிலில் பிறந்த கருப்பட்டி, ஓய்ந்து உட்காரும் முன்பே சாரலைச் சந்திக்கிறது.

“கருப்பட்டி இளகிப்போச்சு” என்றதும் வீடுகளில் பழி பானைமேலோ பரண்மேலோ விழும். அங்கே தேடிப் பயனில்லை. இளகுமா இளகாதா என்பது பெரும்பாலும் பனையின் உச்சியிலேயே, கலயத்துக்குள் தீர்மானமாகிவிடுகிறது.

பதநீரில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு அளவில் சர்க்கரை இருக்கும். அதில் பெரும்பகுதி சுக்ரோஸ். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவாமல் விட்டால், காற்றிலிருந்தும் பாளையிலிருந்தும் வந்து சேரும் ஈஸ்ட் சில மணி நேரத்திலேயே வேலையைத் தொடங்கிவிடும். அது முதலில் சுக்ரோஸைக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைக்கிறது; பிறகு அவற்றைச் சாராயமாக மாற்றுகிறது. அந்த வழியே போனால் கள். தமிழ்நாட்டில் 1987 முதல் அதற்குத் தடை. ஆனால் கள்ளாகும் அளவுக்குப் போகாமல், சுண்ணாம்பு கொஞ்சம் குறைந்ததால் பாதி உடைந்து நின்ற பதநீர்தான் கருப்பட்டிக்குப் பெரும் எதிரி. சுக்ரோஸ், காற்றின் ஈரப்பதம் 85 விழுக்காட்டை நெருங்கும்வரை தாக்குப்பிடிக்கும். ஃபிரக்டோஸோ 62 விழுக்காட்டிலேயே நீரை இழுத்துக் கரையத் தொடங்கிவிடும். இரண்டும் கலந்தால் தாங்கும் எல்லை இன்னும் கீழே இறங்கும். சாரல் விழும் நாளில் காற்றின் ஈரம் 80 விழுக்காட்டைத் தாண்டுவது சாதாரணம். கணக்கு அவ்வளவுதான்.

சுண்ணாம்பைக் கூட்டிவிட்டால் தீர்ந்ததா என்றால், இல்லை. கூடினால் நாக்கில் காரல் நிற்கும். நிறமும் கறுத்துப்போகும். மரத்துக்கு மரம், நாளுக்கு நாள், எவ்வளவு தடவுவது என்பதை அளவுகோல் இல்லாமல் விரலாலேயே அறிந்துவைத்திருக்கும் பனையேறியின் தேர்ச்சி, ஒரு நல்ல தவில்காரரின் தேர்ச்சிக்குச் சற்றும் குறைந்ததல்ல.

அடுத்தது அடுப்பு. ஒரு கிலோ கருப்பட்டிக்கு எட்டு முதல் பத்து லிட்டர் பதநீர் வேண்டும். மீதியெல்லாம் ஆவியாகப் போகவேண்டிய நீர். பொங்கும்போது நசுக்கிய ஆமணக்கு விதையைப் போட்டு நுரையை அடக்குகிறார்கள். கூழாகத் திரண்டு 120 டிகிரியை நெருங்கும் கட்டம்தான் கண்டம். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, விரலில் உருட்டினால் உருண்டு நிற்கவேண்டும். முந்தி இறக்கினால் உள்ளே ஈரம் தங்கும். பிந்தினால் தீய்ந்த கசப்பு. இறக்கிய பின்னும் துடுப்பால் கிண்டி, மணல் பிடிக்கவிட்டு, சிரட்டையில் ஊற்றுகிறார்கள்.

இவ்வளவும் சரியாக அமைந்த பிறகே பாதுகாப்பைப் பற்றிப் பேசலாம். பழைய வீடுகளில் ஓலைப்பெட்டியில் அடுக்கி, விறகடுப்புக்கு மேலே பரணில் வைத்தார்கள். அடுப்பின் சூடு அந்த மூலையின் காற்றை நாள்தோறும் உலர்த்தியது. புகை பூஞ்சையைத் தடுத்தது. ஓலை, உள்ளிருக்கும் ஆவியை வெளியே போகவிட்டது. பிளாஸ்டிக் பையில் இது நடக்காது. சூடு ஆறாமல் கட்டினால், கருப்பட்டியிலிருந்து கிளம்பிய ஆவியே பையின் உட்புறத்தில் துளியாகி அதன்மேல் சொட்டும்.

குளிர்ப்பெட்டியிலும் ஆபத்து உண்டு. ஆடிமாதம் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வெளியே வைத்த கருப்பட்டிமேல் வெளிக்காற்றின் ஈரம் நீராகப் படிந்து வியர்க்கும்.

லேசான கசிவைக் குறையாகச் சொல்வது நியாயமல்ல. ஆடிக்காற்றில் மேல்தோல் சற்றுப் பிசுபிசுத்து, உடைத்தால் உள்ளே மங்கிய பழுப்பில் இறுகி நிற்பது நல்ல கருப்பட்டி. உடைத்த இடத்தில் சீனிப் படிகங்கள் பளபளத்தால் கலப்படமோ என்று சந்தேகப்படலாம். புவிசார் குறியீடு பெற்ற உடன்குடிக் கருப்பட்டியானாலும், உள்ளூர்ப் பனையேறியிடம் வாங்குவதானாலும் சித்திரை, வைகாசியிலேயே வாங்கிவிடுங்கள். நன்றாக ஆறவிட்டு, ஓலைப்பெட்டியிலோ மண்பானையிலோ போட்டு, அடுப்படிச் சூடு படும் இடத்தில் வையுங்கள். விலை கூடுதலாகச் சொன்னால், பத்து லிட்டர் பதநீரை நினைத்துக்கொண்டு பேரம் பேசாமல் கொடுங்கள்.