தாதர் ரோட்டோர ஜல்லி

தாதர் டி.டி. சர்க்கிள் பக்கத்தில் ரோடு போடுவதற்காகக் கருங்கல் ஜல்லி கொட்டியிருந்தார்கள். அதில் உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி ஒன்றைப் பொறுக்கி வந்தேன். மூன்று மாதமாக அது எங்கள் ஹிந்து காலனி வீட்டு ஜன்னல் திண்டில் இருக்கிறது. எங்கள் வீட்டில் இதைவிட அருமையான பொருள் வேறு இல்லை என்று சத்தியம் செய்வேன்.

சின்னதாக, வலுவான காந்தம் ஒன்றைத் தையல் நூலில் கட்டித் தொங்கவிட்டேன். ஆட்டம் அடங்கியதும் ஜல்லியை மெல்லப் பக்கத்தில் கொண்டுபோனேன். காந்தம் தயங்கி, அசைந்து, கல்லின் மேல் போய் ஒட்டிக்கொண்டு நின்றது. உடம்பு சிலிர்த்துவிட்டது எனக்கு. எதிர் ஃப்ளாட் மாமா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, காந்தத்துக்கு ஊஞ்சல் உற்சவமா?"

"இந்தக் கல்லு எங்கேருந்து வந்ததுன்னு பார்க்கறேன் மாமா."

"பன்வேல் பக்கத்துக் குவாரிலேருந்து வந்திருக்கும்."

"அதுக்கு முன்னாடி? பூமத்திய ரேகைக்குத் தெற்கேருந்து மாமா!"

மாமா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் மேற்கு இந்தியாவில் பூமி பிளந்து எரிமலைக் குழம்பு வழிந்தது. அடுக்கின்மேல் அடுக்காக வழிந்து உறைந்ததுதான் டெக்கான் ட்ராப். இன்றும் ஏறத்தாழ 5 லட்சம் சதுர கிலோமீட்டருக்குப் பரந்து கிடக்கிறது. மராட்டிக்காரர்கள் 'காளா தகட்' என்கிற அந்தக் கருங்கல்லுக்குள் மேக்னடைட் என்ற இரும்புக் கனிமம் பொடிப்பொடியாக இருக்கிறது. ஆயிரத்துச் சொச்சம் பாகை சூட்டில் வந்த குழம்பு ஆறி 580 பாகைக்குக் கீழே இறங்கும்போது, அந்தத் துகள்கள் அன்றைக்குப் பூமியின் காந்தம் எந்தத் திசையில் இருந்ததோ அதையே பிடித்துக்கொள்கின்றன. அப்புறம் கண்டமே நகர்ந்தாலும் விடுவதில்லை.

திசை மட்டுமில்லை, சாய்வும் பதிகிறது. பூமத்திய ரேகையில் காந்த முள் படுத்திருக்கும். துருவத்தில் செங்குத்தாக நிற்கும். சாய்வின் டேன்ஜெண்ட், அட்சரேகையின் டேன்ஜெண்டைப்போல் இரண்டு மடங்கு. பத்தாம் வகுப்புக் கணக்குதான்! டெக்கான் பாறைகளில் பெரும்பாலானவை தெற்கு-தென்கிழக்கைக் காட்டி, கீழ்நோக்கி 45 பாகையை ஒட்டிச் சாய்ந்திருக்கின்றன. பூமியின் வட, தென் காந்த முனைகள் இடம் மாறியிருந்த காலம் அது. அப்படிப்பட்ட காலத்தில் முள் கீழே சாய்ந்தால், பாறை பிறந்தது தென் அரைக்கோளத்தில். கணக்குப் போட்டால் தெற்கே 27 பாகை வருகிறது. மும்பை இன்று இருப்பது வடக்கே 19-இல். ஆக, நாம் நிற்கிற தரை சுமார் 5,000 கிலோமீட்டர் வடக்கே வந்திருக்கிறது. நேர் தெற்கைக் காட்டவேண்டியது தென்கிழக்குப் பக்கம் ஒதுங்கியிருக்கிறதே, அது வருகிற வழியில் இந்தியா இடப்பக்கமாகத் திரும்பியதன் அடையாளம்.

காகிதத்தில் படித்தால் இது பாதிதான் புரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாறைக் காந்தம் படிக்கும் மாணவர்களோடு கண்டாலா பக்கம் போனேன். சென்னை ரயிலில் கர்ஜத் தாண்டிப் போர் காட் ஏறும்போது ஜன்னலோரம் எத்தனை தடவை பார்த்த பாறைகள்! அன்றுதான் முதல்முறை கை வைத்துத் தொட்டேன். பெட்ரோலில் ஓடும் கைத்துளைக் கருவி, வைர முனை, சூடேறாமல் இருக்கத் தண்ணீர். சாம்பல் நிறச் சேறு முழங்கை வரை தெறிக்க, ஒரு அங்குலத் தடிமனில் உருளையாகக் கல்லைக் குடைகிறார்கள். குடைந்ததும் பிடுங்கிவிடக் கூடாது. உயிர் அங்கேதான் இருக்கிறது. பக்கவாட்டில் கீறல் விட்ட பித்தளைக் குழாயை அதன்மேல் செருகி, சாய்வையும் திசையையும் அளந்து, கீறல் வழியே பித்தளைக் கம்பியால் ஒரு கோடு. பாறையே திசைகாட்டியைக் குழப்பிவிடலாம் என்பதால் சூரியனின் நிழலை வைத்தும் ஒருமுறை சரிபார்க்கிறார்கள். அந்தக் கோடு இல்லையென்றால் கல்லுக்குள் நினைவு இருக்கும், வடக்கு எது என்று தெரியாது. என் ஜன்னல் ஜல்லியின் கதை அதுதான். வெடித்து, உடைத்து, லாரியில் புரண்டு வந்தது. அதற்குள் அம்பு இருக்கிறது; அம்பு எதைக் காட்டியது என்று சொல்ல ஆளில்லை.

உருளையை ஆய்வகத்தில், வெளிக்காந்தம் நுழையாத உலையில் படிப்படியாகச் சூடாக்கி, ஒவ்வொரு படியிலும் அளக்கிறார்கள். மேலோட்டமாக ஒட்டிய பிற்காலக் காந்தம் முதலில் உதிர்ந்து, அடியிலிருக்கும் பழைய திசை மெல்ல வெளியே வரும். ஒவ்வொரு அளவுக்கும் ஒரு புள்ளி. கடைசிப் புள்ளிகள் நேர்கோட்டில் சென்று மையத்தைத் தொடும் படத்தை எனக்குக் காட்டினார்கள். கோயிலில் திரை விலகும் கணம்போல் இருந்தது.

இதையெல்லாம் தொடங்கி வைத்தவர்களில் ஒருவர் எட்வர்ட் இர்விங். 1951-இல் கேம்பிரிட்ஜ் மாணவராக இருந்தபோது டெக்கான் பாறைகளை வரவழைத்து அளந்து, இந்தியா வடக்கே நகர்ந்திருக்கிறது என்று கண்டார். கண்டங்கள் நகர்கின்றன என்றாலே பலர் முகம் சுளித்த காலம். அவருடைய முனைவர் பட்ட ஆய்வேட்டைப் பல்கலைக்கழகம் ஏற்கவில்லை. அதே பத்தாண்டில் நம் மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் டாய்ச், ராதாகிருஷ்ணமூர்த்தி, சகஸ்ரபுத்தே ஆகியோர் இதே பாறைகளைத் துருவி ஆராய்ந்தார்கள். நம் ஊர்க் கல் உலகத்துக்கே சாட்சி சொன்ன வரலாற்றைப் பள்ளிப் பாடத்தில் பெரிய எழுத்தில் போடவேண்டும் என்பேன்.

தாதருக்கும் காந்தத்துக்கும் இன்னொரு உறவு உண்டு. கொலாபா வானிலையகத்தில் 1841 முதல் பூமியின் காந்தத்தை அளந்துவந்தார்கள். நகரத்தில் மின்சார டிராம் வரப்போகிறது, அதன் மின்னோட்டம் கருவிகளைக் கெடுத்துவிடும் என்று தெரிந்ததும், இயக்குநர் நானாபாய் மூஸ் காலத்தில் 1904-இல் அலிபாகில் புதிய காந்த ஆய்வகம் எழுந்தது. உள்ளூர்க் கருங்கல்லில் கட்ட முடியுமா? அதுவே காந்தமாயிற்றே! போர்பந்தர் கல்லைக் கொண்டுவந்து கட்டினார்கள். 1907-இல் ஓடத் தொடங்கிய டிராமின் கடைசி வண்டி, 1964 மார்ச் 31 அன்று போரிபந்தரிலிருந்து தாதர் வந்து நின்றது. டி.டி. என்பதே டிராம் டெர்மினஸ்தான். "அந்த டிராம்ல நான் ஸ்கூலுக்குப் போயிருக்கேன்" என்றார் மாமா. குரல் தழுதழுத்தது.

பிறகு அவர் கேட்டதுதான் சரியான கேள்வி: "வடக்கே வந்த கல்லு எங்கே போய் முட்டித்து?"

இன்று இமயமலை எழுந்து நிற்கிற இடத்தில்! வருடத்துக்கு 15 சென்டிமீட்டருக்கும் மேல் விரைந்த இந்தியா, ஆசியாவில் மோதி வேகம் தணிந்து இன்று 5 சென்டிமீட்டர் அளவில் தள்ளிக்கொண்டிருக்கிறது. மலைக்குள் பாறைகள் மடங்கிக் கிடக்கின்றனவே, அங்கே அம்பை எப்படி நம்புவது? 1949-இல் ஜான் கிரஹாம் ஒரு வழி சொன்னார். வாழை இலையில் மஞ்சளால் ஒரே திசையில் அம்புகள் வரைந்து இலையை மடியுங்கள், அம்புகள் சிதறும். விரியுங்கள், ஒன்றுசேரும். மடிந்த பாறையடுக்கைக் கணக்கில் விரித்துப் பார்த்து அம்புகள் ஒன்றுசேர்ந்தால், காந்தம் மடிப்புக்கு முந்தியது. மலையைவிட மூத்த நினைவு! 2020-இல் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் லடாக்கின் எரிமலைப் பாறைகளை இப்படி அளந்தார்கள். 6 கோடி ஆண்டுகளுக்குச் சற்று முன்பு அவை பூமத்திய ரேகைக்கு அருகே, வடக்கே 8 பாகையில் ஒரு தீவு வரிசையாக இருந்திருக்கின்றன. அப்படியானால் இந்தியா முதலில் அந்தத் தீவுகளில் மோதி, அவற்றையும் இழுத்துக்கொண்டுபோய்ப் பிறகுதான் ஆசியாவில் இடித்தது என்கிறார்கள். எல்லோரும் ஒப்பவில்லை; எனக்கு அந்த விவாதமே தேனாக இனிக்கிறது.

மாமா ஜல்லியைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மறுநாள் தன் வீட்டு ஜன்னலுக்கும் ஒன்று கேட்டார்.

நேற்று டி.டி. பக்கம் போனேன். குவியல் இல்லை; தார் ஊற்றி ரோடு போட்டு முடித்துவிட்டார்கள். தாரின் சூடு 150 பாகை இருக்கும். மேலாக ஒட்டிய காந்தம் கொஞ்சம் கலைந்திருக்கும், அவ்வளவுதான். பெஸ்ட் பஸ்கள் அதன்மேல் ஓடிக்கொண்டிருந்தன.