ஆஸ்மாண்ட் இருக்க வழி தவறுமா?

போனில் ஒரே ஒரு செயலிதான் இருக்கலாம் என்று நாளைக்கே சட்டம் வந்தால், வாட்ஸ்அப்பைக்கூட அழித்துவிட்டு ஆஸ்மாண்டை வைத்துக்கொள்வேன். அதன்மேல் எனக்கு அப்படி ஒரு பித்து. மலை ஏறுகிறவர்கள், பைக்கில் ஊர் சுற்றுகிறவர்கள், ஏரி ஏரியாகப் பறவை பார்க்கப் போகிறவர்கள் என்று யார் கிடைத்தாலும் இதைப் பற்றிப் பேசாமல் விடுவதில்லை.

2010-ல் தொடங்கிய வரைபடச் செயலி இது. உலகெங்கும் தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்தான் இதற்கு அடிப்படை. தமிழ்நாட்டு வரைபடத்தை வீட்டு வைஃபையிலேயே இறக்கிவிட்டால், அதன்பிறகு டவரும் வேண்டாம், டேட்டாவும் வேண்டாம். பிளே ஸ்டோரின் இலவசப் பதிப்பில் 7 வரைபடங்கள்வரை இறக்கலாம். திறந்த மூலச் செயலிகளின் கடையான எஃப்-டிராய்டில் கிடைக்கும் பதிப்பில் அந்த வரம்பும் கிடையாது.

வரைபடம் பிடிக்கும், செட்டிங்ஸ் அதைவிடப் பிடிக்கும். திறந்து பார்த்ததும் பலர் மிரண்டுபோய் மூடிவிடுகிறார்கள். ஐயோ, அங்கேதான் இருக்கிறது அத்தனை சுகமும்! மற்ற செயலிகள் மூடி மறைக்கிற ஒவ்வொன்றையும் இது நம் கையில் கொடுத்துவிடுகிறது.

உயரக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மெரினாவில் அக்கா மகன் என் போனைப் பார்த்துவிட்டு, "மாமா, இது கெட்டுப்போச்சா? நாம கடலுக்கு அடியில 80 மீட்டர்ல இருக்கோம்னு காட்டுது" என்றான். போன் கெடவில்லை. செயற்கைக்கோள்களை வைத்து ஜிபிஎஸ் கணக்கிடும் உயரம் கடல் மட்டத்திலிருந்து அளப்பது அல்ல. பூமிக்கு நெருக்கமாகப் பொருந்துகிற, வழவழப்பான ஒரு கணித வடிவத்திலிருந்து அளப்பது. நிஜக் கடல் அந்த வடிவத்தோடு எல்லா இடத்திலும் ஒட்டி நிற்பதில்லை. ஈர்ப்பு கூடுகிற இடத்தில் மேடாகவும், குறைகிற இடத்தில் பள்ளமாகவும் இருக்கும். உலகத்திலேயே ஆழமான அப்படிப்பட்ட பள்ளம் எங்கே தெரியுமா? நம் வாசலில்தான்! இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில், அந்தக் கணித வடிவத்தைவிடக் கடல் மட்டம் 100 மீட்டருக்கும் மேல் தாழ்ந்து கிடக்கிறது. அதன் விளிம்பு தமிழ்நாட்டையும் சேர்த்தே கீழே இழுத்திருக்கிறது. பூமியின் ஆழத்தில் அடர்த்தி குறைந்த, சூடான பொருள் மேலெழுந்து நிற்பது இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் 2023-ல் எழுதினார்கள்.

இதற்கு மருந்தும் ஆஸ்மாண்டிலேயே இருக்கிறது. வரைபடம் இறக்கும் பக்கத்தில் 'வேர்ல்ட் ஆல்டிட்யூட் கரெக்‌ஷன்' என்று ஒரு கோப்பு உண்டு. உலகின் எந்த மூலையில் கடல் மட்டம் எவ்வளவு ஏறி இறங்கியிருக்கிறது என்ற அட்டவணை அது. ஒருமுறை இறக்கினால் போதும். தொட்டபெட்டா உச்சியில் இதைச் சோதித்துப் பார்த்தேன். அதன் உயரம் 2,637 மீட்டர். கோப்பு இல்லாதபோது 2,550-ஐ ஒட்டித் தடுமாறிக்கொண்டிருந்த எண், கோப்பைப் போட்டதும் மளமளவென்று ஏறி 2,640 பக்கம் வந்து நின்றது. அந்த நிமிடத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. சின்னக் கோப்பு ஒன்று, காலுக்குக் கீழே இருக்கும் பூமியின் வடிவத்தையே அறிந்து வைத்திருக்கிறது!

அடுத்து, டிராக் அறுந்துபோவது. நடந்த பாதையைப் பதிவு செய்யச் சொல்லிவிட்டுப் போனைப் பையில் போடுவோம். மாலையில் எடுத்துப் பார்த்தால் வளைந்து நெளிந்து ஏறிய பாதைக்குப் பதில் இரண்டு மூன்று நேர்க்கோடுகள்தான் இருக்கும். பெரும்பாலும் இது ஆண்ட்ராய்டின் வேலை. பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் என்று, திரை அணைந்த கொஞ்ச நேரத்தில் செயலியை உறங்க வைத்துவிடுகிறது. போன் செட்டிங்ஸில் ஆஸ்மாண்டுக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்கி, 'அன்ரெஸ்ட்ரிக்டட்' என்று வைத்துவிடுங்கள். இருப்பிட அனுமதியையும் சரிபாருங்கள்.

அப்படியும் அறுந்தால், டிரிப் ரெக்கார்டிங்கில் 'மினிமம் ஸ்பீட்' என்ற வடிகட்டியைப் பாருங்கள். நின்ற இடத்தில் புள்ளிகள் ஈக்கூட்டம்போல மொய்ப்பதைத் தடுக்கத்தான் அதை வைத்திருக்கிறார்கள். ஆனால் செங்குத்தான ஏற்றத்தில் மூச்சு வாங்க அடிமேல் அடி வைக்கிறவரையும் 'இவர் நிற்கிறார்' என்று அது ஒதுக்கிவிடும். மலைக்குப் போகும்போது அதை அணைத்துவிட்டு, துல்லிய வடிகட்டியை மட்டும் வைத்துக்கொள்ளலாம். நீலகிரியில் வனத்துறை அனுமதியோடு ஒரு சோலைக்குள் நடந்துவிட்டு வந்து அந்த டிராக்கைப் பார்த்தேன். ஓடையைத் தாண்டக் கல் தேடி இப்படியும் அப்படியும் அலைந்ததுகூட அச்சுப் பிசகாமல் பதிவாகியிருந்தது.

இருப்பிடம் கிடைக்கத் தாமதமாகிறது என்பது இன்னொரு புலம்பல். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து, நொடிக்கு வெறும் 50 பிட் வேகத்தில் தம் சுற்றுப்பாதை விவரத்தை அனுப்புகின்றன. ஒரு செயற்கைக்கோளின் விவரம் வந்து சேரவே 30 நொடி ஆகும். நடுவில் மரமோ பாறையோ மறைத்தால் மறுபடி காத்திருக்க வேண்டும். ஊருக்குள் இணையம் வழியாகப் போன் இந்த விவரத்தை நொடியில் வாங்கிவிடுகிறது; காட்டில் அந்த உதவி இல்லை. ஆகவே டவர் இருக்கும்போதே, பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கிற நேரத்தில் வெட்டவெளியில் ஒருமுறை ஆஸ்மாண்டைத் திறந்து இருப்பிடத்தைப் பிடித்துவிடுங்கள். அடுத்த சில மணி நேரத்துக்கு அந்த விவரம் செல்லும். உங்கள் புள்ளி தாவித் தாவி ஓடுகிறதா? 'லொக்கேஷன் சோர்ஸ்' என்ற இடத்தில் கூகுள் பிளே சர்வீஸஸ், ஆண்ட்ராய்டு ஏபிஐ என இரண்டு இருக்கும். மாற்றிப் பாருங்கள். சில போன்களுக்கு இது ஒத்துவரும், சிலவற்றுக்கு அது.

அம்புக்குறி தப்பான பக்கம் காட்டினால் போனைக் காற்றில் எட்டுப் போட்டால் போதும், காந்தமானி சரியாகிவிடும். காந்த மூடி போட்ட போன் உறையை மட்டும் முதலில் கழற்றிவிடுங்கள்.

பைக்குக்கு ஒன்று, நடைக்கு ஒன்று, காருக்கு ஒன்று என்று தனித்தனி புரொஃபைல் வைத்துக்கொள்ளலாம் என்பதைச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. காரில் போகும்போது மண்சாலையைத் தவிர்க்கச் சொல்லலாம், சைக்கிளில் போகும்போது அதே மண்சாலையை அனுமதிக்கலாம். ஒரு தொடுதலில் செயலியே வேறு ஆளாக மாறிவிடும்.

ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர் ஊருணியோ ஒற்றையடிப்பாதையோ இதில் இல்லையென்றால் முகம் சுளிக்காதீர்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் கணக்குத் தொடங்கி நீங்களே சேருங்கள், பெயரைத் தமிழிலும் பதியுங்கள். அடுத்தடுத்த மாத வரைபடப் புதுப்பிப்பில் அது எல்லோருடைய போனுக்கும் போய்ச் சேர்ந்துவிடும்.