நாலு கதவுக்கும் ஒரே பூட்டு

1983இல் வந்த மாருதி 800இன் பழைய வண்டிகளில் ஒவ்வொரு கதவையும் தனித்தனியே பூட்ட வேண்டும். அத்தகைய வண்டிக்கு வீட்டு வாசலிலேயே, எல்லாக் கதவையும் ஒருசேரப் பூட்டும் சென்டர் லாக்கும் அலாரமும் பொருத்துவது கைக்கும் மூளைக்கும் நல்ல விருந்து.

பேட்டரியின் நெகட்டிவ் ஒயரை முதலில் கழற்றிவிட வேண்டும். கதவின் உட்பக்க மூடியான டோர் பேடை நெம்பி எடுத்தால், பூட்டை இயக்கும் மெல்லிய கம்பி தெரியும். அதை அசைக்க ஒவ்வொரு கதவிலும் பொருத்தும் குட்டி மோட்டாரின் கம்பியும் அதே போக்கில் நேராக அசைய வேண்டும்; கோணம் பிசகினால் பூட்டு திணறும். மோட்டாரின் நுட்பம் எளியது, அழகானது: 12 வோல்ட் மின்சாரம் ஒரு திசையில் பாய்ந்தால் தள்ளும், திசை மாறினால் இழுக்கும். அதற்கு 2 ஒயர் போதும். ஓட்டுநர் கதவின் மோட்டாரில் பெரும்பாலும் 5 ஒயர். கூடுதலான மூன்றும் பூட்டியதா, திறந்ததா என்று கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் சொல்பவை.

வேலையின் தரம் ஒயர் கதவைக் கடக்கும் இடத்தில் தெரியும். ரப்பர் குழாய்க்குள் சற்றுத் தளர்வாக விட்டால்தான் கதவைத் திறந்து மூடும்போது அறுபடாது. கண்ணாடி இறங்கும் பாதையில் ஒயர் குறுக்கிடக் கூடாது. ஃபியூஸ் பேட்டரிக்கு அருகிலேயே இருக்க வேண்டும். தண்ணீர் தேங்காதபடி அலாரத்தின் சைரன் வாய் கீழ்நோக்க வேண்டும். டோர் பேடை மூடியபின் இவற்றில் பலவும் யார் கண்ணுக்கும் தெரியாது. தெரியாத இடத்திலும் ஒழுங்காகச் செய்வதுதான் கைத்தொழிலுக்குப் பெருமை.