19 பேர் போட்ட மெட்டு

‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழு முதன்முதலாக மேடையேறியது 2018 ஜனவரி 6 அன்று, சென்னை கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில். இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு அது. அயோத்திதாசப் பண்டிதர் நூறாண்டுக்கு முன்பே வலியுறுத்திய சாதிபேதமற்ற தமிழர் என்ற எண்ணம்தான் பெயருக்கு ஊற்று. கானா பாடுபவர்கள், ராப் பாடுபவர்கள், பறையும் சட்டியும் அடிப்பவர்கள், கிட்டாரும் டிரம்ஸும் வாசிப்பவர்கள் என மொத்தம் 19 பேர். அவர்களில் ஒரே பெண் இசைவாணி. ஆண்களே நிறைந்திருந்த கானா மேடையில் அவர் குரல் எழுந்ததே ஒரு திருப்பம்.

இத்தகைய குழுவில் பாட்டு பிறக்கும் வழி சினிமாப் பாட்டின் வழியல்ல. சினிமாவில் பெரும்பாலும் மெட்டு முன்னால் வரும், சொல் பின்னால் வந்து உட்காரும். கானாவில் இரண்டும் ஒரே மூச்சில் வரும். சாவு வீட்டில் விடிய விடிய மரண கானா பாடிப் பழகியவர், இறந்தவரின் பெயரையும் குணத்தையும் உறவையும் அந்த நேரத்திலேயே கோத்துப் பாடுவார். அவர் எடுத்ததுதான் சுருதி. கிட்டார்காரர் அதைத் தேடிப் பிடித்துத் தன் கார்டுகளை அடியில் வைக்க வேண்டும். பறையின் சங்கதி வேறு. தீயில் காய்ச்சினால்தான் தோல் முறுக்கேறும். சூடு ஆறினால் ஒலி தளரும். ஒலிப்பதிவுக் கூடத்தின் குளிரூட்டிய அறை அதற்கு ஆகாத இடம். பக்கத்திலேயே டிரம்ஸ் முழங்கினால் ஒன்றையொன்று விழுங்கிவிடும். யார் எந்த இடத்தில் அடக்கி வாசிப்பது, யார் ஏறி அடிப்பது என்பதைக் காகிதத்தில் எழுதி வைக்க முடியாது. சேர்ந்து வாசித்துத்தான் கண்டடைய வேண்டும். அம்பேத்கரைப் பாடும் ‘ஜெய்பீம்’ பாடலிலும் இட ஒதுக்கீட்டைப் பேசும் ‘கோட்டா’ பாடலிலும் கேட்கும் உறுதி இந்த உரசலில் விளைந்தது என்றே சொல்லலாம்.

டென்மாவுக்கு இது முதல் முயற்சி அல்ல. அதற்கு முன் கபேர் வாசுகியோடு ‘குரங்கன்’ என்ற குழுவில் இயங்கியவர். அந்தக் கபேர் வாசுகி எழுதி, ஆர்.கே. ஸ்ரீராம்குமார் ராகமாலிகையாக மெட்டமைத்து, டி.எம். கிருஷ்ணா பாடிய ‘சென்னைப் பொறம்போக்குப் பாடல்’ 2017 பொங்கலன்று வெளிவந்தது. எண்ணூர்க் கழிமுகத்தைக் காக்கும் போராட்டத்தில் பிறந்த பாட்டு அது. சென்னைத் தெருப்பேச்சு ஆனந்தபைரவியில் ஏறியபோது, வசையாகிப்போன ‘பொறம்போக்கு’ ஊர்ப்பொது நிலம் என்ற தன் பழைய பொருளை மீட்டுக்கொண்டது.

காஸ்ட்லெஸ் கலெக்டிவின் ராப் குரல்களில் ஒருவரான அறிவு அரக்கோணத்துக்காரர். அறிவின் பாட்டி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழகம் திரும்பியவர். இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், அங்கிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகை செய்தது. அந்தப் பெரும் இடப்பெயர்வின் நினைவு அக்குடும்பங்களில் பாட்டாகவும் ஒப்பாரியாகவும் தங்கியது. 2021 மார்ச்சில் பாடகி தீயும் அறிவும் பாடி, சந்தோஷ் நாராயணன் தயாரிப்பில் வந்த ‘எஞ்சாயி எஞ்சாமி’ அந்த நினைவிலிருந்து எழுந்தது. நிலமற்றவர் நிலக்காரரை ‘சாமி’ என்பார். கிழவி பேரப்பிள்ளையைக் கொஞ்சும்போதும் ‘எஞ்சாமி’ என்பாள். ஒரே சொல்லில் அடிமைத்தனமும் வாஞ்சையும் இருப்பதைக் கண்டுகொண்டதுதான் இப்பாட்டின் பெரும் பலம்.

இப்படி உருவாகும் பாட்டுக்கு யார் சொந்தக்காரர்? 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் சொல்லுக்கு எழுதியவரையும், இசைக்கு இசையமைப்பாளரையும், ஒலிப்பதிவுக்குத் தயாரிப்பாளரையும் ஆசிரியராகக் கொள்கிறது. ஒப்பாரியைக் காதில் போட்ட கிழவிக்கோ, தாளத்தை மாற்றிக் காட்டிய சட்டிக்காரருக்கோ அதில் தனி இடம் இல்லை. ஊருக்கே பொதுவான உரிமையைச் சட்டம் வேறிடத்தில் ஏற்கிறது: ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. அது எந்த ஒரு நெசவாளர் பெயரிலும் இல்லை, ஊரின் கைத்திறனுக்கே உரியது. ஆனால் அந்தக் குறியீடு பண்டங்களுக்கு மட்டும்தான், பாட்டுக்குக் கிடையாது.

2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அறிவு இல்லாமல் ‘எஞ்சாயி எஞ்சாமி’ மேடையேறியபோது, பாட்டு யாருடையது என்ற இந்தக் கேள்வி வெடித்தது. பாட்டை உருவாக்கி, எழுதி, பாடியது தானே என்று அறிவு எழுதினார். மூவரும் கூடிச் செய்தது, வருவாயும் மூவருக்கும் சமபங்கு என்று சந்தோஷ் நாராயணன் விளக்கினார். கூடி அமர்ந்து பாடிப் பாடித் திரட்டிய மெட்டில், இன்னாருடையது இது என்று பிறகு பிரிப்பது எளிதல்ல; எந்த வரி எவர் வாயில் முதலில் வந்தது என்பது கூடத்தில் இருந்தவர்களுக்கே கூட வேறுவேறாக நினைவிருக்கலாம். இணையத்தில் கோடிக்கணக்கானோர் கேட்ட அந்தப் பாட்டிலிருந்து தங்கள் மூவருக்கும் வருவாய் எதுவும் வந்துசேரவில்லை என்று 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன் பொதுவில் அறிவித்தார்.